மூன்று படம், ஒரு தலை

போன வாரம் நாகூரிலிருந்து மொட்டைத் தலையோடு திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினேன். கரி எஞ்சின் புகை மண்டையில் படிந்திருந்தது. என் தையல் கடைக்குப் பக்கத்துக் கடை மெக்கானிக் காஜா பாய், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா டெய்லரே, மூணும் முடிஞ்சிதா?"

முடிந்தது. இரண்டு வருஷத்தில் மூன்று மொட்டை! எல்லாம் என் கூச்சத்தால் வந்த வினை. வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியாததா?

இரண்டு வருஷத்துக்கு முன் அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அப்போது நாலு வயதான என் மகள், ஜுரத்தில் இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. வராந்தாச் சுவரில் வரிசையாக மூன்று படங்கள் — முருகர், வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா. கடவுள் இருக்கிறாரா என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. அன்றைக்குச் சந்தேகப்பட நேரமில்லை. "சாமி... பொண்ணு பொழைச்சா என் முடி உனக்கு" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை மகள் கண் திறந்து இட்லி கேட்டாள்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த சாமிக்குங்க?"

அதைத்தான் நான் சொல்லவில்லையே! அதிகம் பழகாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். மனிதரானாலும் சரி, சாமியானாலும் சரி.

"சரி, எந்தப் படத்தைப் பாத்து வேண்டிகினீங்க?"

"கண்ணை மூடிகினு இருந்தேன்..."

"நல்லா மூடினீங்க போங்க! மாத்தி வேற எடத்துல குடுத்துட்டு, கொயந்தைக்கு மறுபடி ஜுரம் வந்தா?"

நம்ம ஊர் முருகர்தான், வேறு யார் என்றேன். நர்ஸம்மா விடவில்லை. "வேளாங்கண்ணியிலயும் முடி குடுப்பாங்க."

ஊர் திரும்பியதும் காஜா பாய் அவர் பங்குக்கு, "நாகூர்லயும் எடுப்பாங்க, தெரியுமில்ல?" என்றார்.

மூன்று பேருமே முடி வாங்குகிறவர்களாக இருந்தால் நான் என்ன செய்ய? மூன்றாகப் பங்கு போடலாமா என்று மலைமேல் மொட்டை போடுபவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அரைகொறை மண்டையோட படி எறங்குவீங்களா?" என்றார்.

முழுத் தலையும் கொடுத்தேன். வளர்ந்ததும் வேளாங்கண்ணி. மறுபடி வளர்ந்ததும் நாகூர். நம்புகிறவன் ஒரு மொட்டையோடு தப்பித்துக்கொள்கிறான். சந்தேகப்படுகிறவன்தான் எல்லா ஊருக்கும் போக வேண்டியிருக்கிறது!

நாகூரிலிருந்து வந்த மறுநாளே மகள் தும்மினாள். மனைவி வெலவெலத்துப் போனாள். அன்று அவளுக்கு வைத்தியம் பார்த்த அதே அரக்கோணம் டாக்டரிடம் ஓடினோம். சாமியே இல்லை என்று சொல்கிற மனிதர் அவர். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது.

"வெறும் சளிதாம்மா" என்றார். என் மனைவிக்கு மூச்சு வந்தது.

மகள் மட்டும் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். ரொம்பக் கவலையோடு கேட்டாள்:

"டாக்டர்... உங்க வூட்டுப் பாப்பாவுக்கு இன்னா ஜுரம்?"