அடுப்புப் பரணில் காயவைத்த போன்

கம்பளை டவுனில் மழையில் நனைந்த என் போனை, ஈர விறகும் கால் சொக்ஸும் காயும், எங்கள் அடுப்புக்கு மேலுள்ள பரணில் நானே வைத்தேன். காலையில் பார்த்தால் பேட்டரி உப்பி, பின்மூடி பிதுங்கியிருந்தது.

"ரப்பர் பேண்ட் போட்டு சார்ஜ் பண்ணுடா, ஒன்னும் ஆகாது" என்றார் மாமா. பல்கலைக்கழகப் படிப்புக் குறிப்பெல்லாம் அதில் இருந்ததால், நானும் அப்படியே மெத்தையில் வைத்து சார்ஜரைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் புகை கிளம்பியது. பக்கத்தில் தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மெத்தை கருகியது, அவள் தப்பினாள்.

"கெம்பஸ் போறவனுக்கு சார்ஜருக்கும் பயமா?" என்று மாமா இன்னும் சிரிக்கிறார்.

"ஆமா மாமா, பயந்தான்."

நனைந்த போனை இப்போது அடுப்புப் பக்கமே கொண்டுபோவதில்லை. போன வாரம் சார்ஜில் கிடந்த மாமாவின் போனும் உப்பியிருந்தது. சுவிட்சை அணைத்து, சார்ஜரைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். புது பேட்டரி போடும்வரை கொடுக்கமாட்டேன். கோபித்தால் கோபிக்கட்டும்.