தோணாக்கரைப் பற்றை

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. ‘இக்காணியைத் தற்போது பயன்படுத்துவோர் யார்?’ அதற்கு எதிரே ‘எவருமில்லை’ என்று எழுதினேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்த கை. எழுத்து அழகாகத்தான் விழுந்தது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கல்முனையிலிருந்து தெற்கே போகும் பிரதான வீதியில், கடலை ஒட்டிய ஊர்களில் ஒன்று எங்களுடையது. வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் பகுதி மாதர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். அதற்கு முன்பே தெருவில் யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். வங்கிக்கு, அரசாங்கக் கச்சேரிக்கு, வெளிநாட்டில் மகளை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பதில் சொல்லாத முகவருக்கு, எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காசு வாங்கியதில்லை. வாங்காததில் எனக்கு ஒரு பெருமை இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுப் பின்மதிலுக்கு அப்பால் தோணா, கடலோரம் தேங்கி நிற்கும் நீரோடை. மாரியில் வெள்ளம் பெருகும்போது மண்மேட்டை வெட்டிக் கடலுக்குள் விடுவார்கள். மற்ற மாதங்களில் அது அசையாமல் கிடக்கும். தோணாவுக்கும் மதிலுக்கும் இடையில் நீளமாக ஒரு பற்றைக்காடு. நொச்சி, பாவட்டை, தாழை, அவற்றின் மேல் ஏறிப் படர்ந்த முடக்கொத்தான். யாருடைய உறுதிப் பத்திரத்திலும் இல்லாத அரசாங்கக் காணி. கோழிக்கடைக் கழிவும் பிள்ளைகளின் பம்பர்ஸும் பையில் கட்டி அதற்குள்தான் எறியப்பட்டன. காற்று மாறினால் எங்கள் குசினிக்குள் நிற்க முடியாது. கொழும்பிலிருந்து வரும் என் மகள் ஒவ்வொரு முறையும், “உம்மா, இந்தக் காட்ட வெட்டச் சொல்லுங்களன்” என்பாள். நுளம்புக்கடிக்குப் பயந்து பேரப்பிள்ளையைப் பின்வளவுக்கு விடமாட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் பிரதேச சபை, சுற்றாடல் வேலைகளுக்காக ஊர்ச் சங்கங்களுக்கு நிதி ஒதுக்கப்போவதாக அறிவித்தது. சங்கங்கள் தாங்களே திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் மறுப்பில்லை. பற்றையை வெட்டித் துப்புரவாக்குவது, நிழல் மரக்கன்றுகள் நடுவது, தோணாவை ஒட்டி ஒரு நடைபாதை போடுவது. வரைபடத்தையும் நானே கீறினேன். என் பின்மதிலுக்கு நேரே ஒரு இருக்கையை அடையாளம் வைத்தேன்.

படிவத்தை நிரப்ப அபிவிருத்தி உத்தியோகத்தரான பெண் வீட்டுக்கு வந்திருந்தார். என்னிடம் படித்த பிள்ளைதான். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் நான் பேனையை நிறுத்தினேன்.

“இதுக்குள்ள இலை பிடுங்குற ராத்தா ஒராள் வாறவ” என்றேன்.

“ஆக்கள் பாவிக்கிற எண்டு போட்டா அவங்கட சம்மதக் கடிதம் வேணும் டீச்சர். மறுகா சபையால விசாரணைக்கு வருவாங்க. கடைசித் திகதி திங்கக்கிழமை. சுணங்கிரும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவ சும்மா பிடுங்கிட்டுப் போறதானே. அதப் பாவனை எண்டு சொல்லுறயா?” என்றார்.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. எனக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது, அவர் தந்தார். அவ்வளவுதான்.

‘அக்கா’ என்பதுபோல ஊரே ராத்தா என்று கூப்பிடும் அவரோடு எனக்கு வெறும் முகப்பழக்கமல்ல. கடல் வந்த வருஷம், சுனாமியில், அவருடைய கணவர் மௌத்தானார். அதற்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் தனியே இருந்தார். காலையில் உரப்பையோடு பற்றைக்குள் இறங்குவார். பிள்ளை பெற்ற வீடுகளுக்குக் குளிக்கும் தண்ணீரில் அவிக்க நொச்சியும் பாவட்டையும், வைத்தியருக்கு முடக்கொத்தான், வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்குத் தூதுவளைக் கட்டு. அதுதான் அவருடைய பிழைப்பு. என் மகள் முதல் பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருந்தபோது நாற்பது நாளும் இலை கொண்டுவந்தவர் அவரே. ஒரு நாள் கடும் மழை. வரமாட்டார் என்று நினைத்தேன். தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். “பச்சைப் புள்ளத்தாச்சி குளிக்காம இரிக்க ஏலாதே” என்றார்.

இதெல்லாம் தெரிந்துதான் ‘எவருமில்லை’ என்று எழுதினேன்.

நிதி கிடைத்தது. தோணாக்கரையில் சபை ஒரு பெயர்ப்பலகை நட்டது. அது நட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ ராத்தா என் வீட்டுக்கு வந்தார். கையில் பையில்லை. முன்கதவால் வந்தார், வழக்கமாகக் குசினிப் பக்கம் வருகிறவர்.

“டீச்சர், எனக்கு ஒரு கடிதம் எழுதித் தரணும்.”

“ஆருக்கு ராத்தா?”

“சபைக்கு. அந்தப் பத்தைய வெட்டப்போறாங்களாம். முழுக்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல. குப்பை கொட்டுற பக்கத்த வெட்டட்டும். தாழைக்கு அங்கால உள்ளத உடச் சொல்லி எழுதுங்க. அதுக்குள்ளதான் நொச்சி நிக்கிது.”

அவர் சொன்னது நியாயமான யோசனை. எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் அவரே சொல்லியிருப்பார்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘ராத்தா, அந்தத் திட்டத்தை எழுதினது நான்தான்’ என்று. வாய்வரைக்கும் வந்தது. அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதத் தொடங்கிவிட்டேன். நல்ல கடிதம். என் திட்டத்தை எழுதியதைவிடக் கவனமாக எழுதினேன். என் கடிதமே என் பிழையைச் சரிசெய்துவிடும், நான் ஒன்றும் வாய்திறக்கத் தேவையில்லை என்று மனம் கணக்குப் போட்டது. வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அல்லாஹ் உங்களுக்கு நல்ல ஹயாத்தத் தரட்டும்” என்று துஆச் செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் சபையிலிருந்து எழுதுவினைஞர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் என் பழைய மாணவர். சிரித்துக்கொண்டே பேசினார்.

“என்ன டீச்சர், வெட்டணும் எண்டும் நீங்களே எழுதுறீங்க, வெட்டவேணாம் எண்டும் நீங்களே எழுதுறீங்க? எழுத்தக் கண்டதும் எனக்கு விளங்கிட்டு.”

“அவக்கிட்டச் சொன்னீங்களா?”

“ஓம், போர்ம எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சிக் காட்டினன். டீச்சர்ட திட்டந்தான், அவவோட கதைச்சுக்கோங்க எண்டு சொல்லி அனுப்பினன்.”

அவர் உதவி செய்ததாகவே நினைத்தார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா வருவார், கேட்பார் என்று காத்திருந்தேன். என்ன சொல்வது என்று பல விதமாக மனப்பாடம் செய்தேன். அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

வேலை தொடங்கிய அன்று சபைத் தவிசாளர் வந்தார், மெம்பர்மார் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மரக்கன்று கொடுத்துப் படம் எடுத்தார்கள். பெக்கோ இயந்திரம் பற்றையைக் கோலி இழுத்தபோது நொச்சி மணம் அந்தத் தெரு முழுக்கப் பரவியது. தவிசாளர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். அப்போதுதான் வீதியின் மறுபக்கத்தில் ராத்தா நிற்பதைக் கண்டேன். கோபமாக நின்றிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் பெக்கோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார், தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல. பிறகு போய்விட்டார். எனக்குப் போர்த்திய சால்வையைக் கழற்றி யாரிடம் கொடுத்தேன் என்று இன்றும் நினைவில்லை.

தாழையைத் தாண்டி, நொச்சியில் பெரும்பகுதியையும் வழித்த பிறகுதான் அன்றைய வேலை நின்றது. இயந்திரம் வேறிடத்துக்குத் தேவைப்பட்டதாம். அதற்கு அப்பால் தெற்கே ஒரு துண்டு வெட்டப்படாமல் மிஞ்சியது.

நட்ட கன்றுகள் கோடைக் காற்றில் ஒவ்வொன்றாகக் கருகின. வெறும் மணலில் வெயில் நேரே இறங்கியது. சங்கத்துப் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள், பிறகு முறை தவறியது. நடைபாதையில் மாலையில் சிலர் நடந்தார்கள். குப்பையை மட்டும் முன்போலவே கொட்டினார்கள். இப்போது அதை மறைக்க இலையுமில்லை.

ஒரு நோன்பு காலம் வந்தது. பள்ளிவாசல் பயானில் மௌலவி, அல்லாஹ்வுக்குச் செய்த பாவத்துக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், மனிசருடைய ஹக்கை, அவர்களுக்குரிய உரிமையை, பறித்ததற்கு மனிசரிடம்தான் கேட்க வேண்டும் என்று சொன்னார். சின்ன வயதிலிருந்தே கேட்ட பேச்சுத்தான். அன்று மட்டும் பெண்கள் பக்கத்தில் இருந்த எனக்கு எழும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் நோன்பு திறந்த பிறகு வீட்டுத்திட்டத்துக்குப் போனேன். ராத்தா வாசலில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பதாகச் சொன்னார். மிஞ்சிய துண்டில் கிடைப்பது போதாது, இலைக்கு இப்போது பஸ் ஏறி நிந்தவூர்ப் பக்கம் வயல் வரம்புகளுக்குப் போக வேண்டியிருக்கிறது, முழங்கால் நோவோடு கிழமைக்கு ஒரு நாள்தான் முடிகிறது என்றார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார்.

“ராத்தா, நான் பிழை செஞ்சிட்டன். மாப்புச் செய்யுங்க” என்றேன்.

அவர் தட்டை நிமிர்த்தி வைத்தார்.

“நீங்க வெட்டணும் எண்டு எழுதினது எனக்குப் பெரிசில்ல டீச்சர். நாத்தம் எல்லாருக்கும்தானே. நான் உங்கட வீட்டுக்கு வந்து முன்னுக்கு இருந்து கேக்கக்குள்ள, நீங்க எழுதித் தந்தீங்களே. அதத்தான் நினைச்சி நினைச்சி எனக்கு ஆறுதில்ல. சபையில ஆம்புளயள் எல்லாருக்கும் முன்னுக்கு அவர் சிரிச்சிச் சிரிச்சிக் காட்டினார். நான் துஆச் செஞ்சிட்டுப் போனவள்.”

அடுத்த தட்டைக் கையில் எடுத்தார். “மாப்புச் செஞ்சன் எண்டு வாயால சொல்லலாம். மனசுக்கு வரட்டும், சொல்லுறன்” என்று முடித்துவிட்டு உள்ளே போனார். தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.

அடுத்த நிதிக்கு அறிவித்தல் வந்ததும் சங்கக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். தலைவிக்கு முகம் மாறியது. “இப்ப இதக் கிளறினா நாம பொய் எழுதினம் எண்டு ஆகும். அடுத்த உதவியும் இல்லாமப் போகும். சங்கத்துட பேர யோசிங்க டீச்சர்” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆகவே சங்கத்தின் பெயரில் எழுதவில்லை. என் பெயரில், படிவத்தில் நான் எழுதியது பொய் என்றும், மிஞ்சியிருக்கும் தெற்குத் துண்டை வெட்டாமல் அப்படியே விட வேண்டும் என்றும், அதில் இலை எடுப்பவர் இன்னார் என்றும் சபைச் செயலாளருக்கு எழுதினேன். சங்கச் செயலாளர் பதவியிலிருந்து விலகவும் செய்தேன். கூட்டத்தில் இரண்டு பேர் இன்றும் என்னோடு கதைப்பதில்லை.

சபை நெடுநாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அந்தத் துண்டைப் பற்றையாகவே வைத்துப் பராமரிக்கலாம், எல்லைக்கு வேலி மட்டும் போடலாம், உள்ளே போக ஒரு வழி விடலாம் என்று முடிவாயிற்று. முன்பு இருந்ததில் காலில் ஒரு பங்கும் இருக்காது. எது நிற்க வேண்டும், எங்கே வழி விட வேண்டும் என்று பாவிக்கிறவரிடமே கேட்டுக் குறிக்கச் சொல்லி உத்தியோகத்தருக்குக் கட்டளை. அந்தப் பெண் என்னையும் கூப்பிட்டார். நான் வரக்கூடாது என்று ராத்தா சொன்னால் வரமாட்டேன் என்றேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லையாம்.

ஒரு காலை நேரம் மூவரும் அங்கே நின்றோம். ராத்தா குடையை ஊன்றி ஊன்றி முன்னால் நடந்தார். இந்த நொச்சி நிற்கட்டும், இது செத்துப்போன தாழை, வேலி இதுக்கு வெளியால வரட்டும், வழி இஞ்சால என்று உத்தியோகத்தரிடம் சொன்னார். அவர் முளைக்கம்பு அடித்தார். அளக்கும் நாடாவின் மற்ற நுனி என் கையில். முள் கிழித்த இடத்தில் எரிந்தது. வேர் ஒன்று தடுக்கி நாடா தொய்ந்தபோது ராத்தா திரும்பிப் பார்த்தார்.

“டீச்சர், இறுக்கிப் புடிங்க.”

அன்று அவர் என்னோடு பேசியது அது ஒன்றுதான். வேலை முடிந்ததும் ஓட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, முடக்கொத்தான் கொடியில் இரண்டு பிடி பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, புதிய நடைபாதையால் மெல்ல நடந்து போனார்.