ஹங்கேரித் தேனீயும் அப்பாவின் கையெழுத்தும்

ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, ஹங்கேரியில் எனக்கொரு பேனா சிநேகிதி கிடைத்தாள். என் வயதுதான். இருவருக்குமே அரைகுறை ஆங்கிலம். அதனால் சண்டையே வரவில்லை. எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தேன்கூடு கட்டியிருப்பதை எழுதி, தேனீக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டிருந்தேன்.

பதில் ஒரு முழுப்பக்கத்துக்கு வந்தது. 'மேஹ்' என்று எழுதவேண்டுமாம், 'மே' என்று சொன்னால் போதுமாம். பன்மையில் 'மேஹெக்' என்னும்போது விழுங்கிய ஒலி திரும்பி வந்துவிடுமாம். ஆனால் எண் சேர்ந்தால் பன்மை கிடையாது. மூன்று தேனீ, நூறு தேனீ, அவ்வளவுதான். நாமும் அப்படித்தானே பேசுகிறோம் என்று எனக்கு ஒரே குஷி. அந்தச் சொல்லே ஆதியில் இந்தியா, ஈரான் பக்கத்துப் பழைய மொழிகளிலிருந்து போனது என்று அவளுடைய டீச்சர் சொன்னாராம். எல்லாவற்றையும் எண்கள், அம்புக்குறிகளோடு கட்டம் போட்டு விளக்கியிருந்தாள்.

கட்டத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

"இன்னாம்மா இது? டேங்க் செய்ற எடத்துல வேலை பாத்துகினு, ஃபாரின்லேர்ந்து இப்பிடி நம்பர் போட்ட லெட்டர் வந்தா, வேவு பாக்குறான்னு சீட்டக் கிழிச்சிடுவாங்க!"

பக்கத்துக் கிராமமான கோவில்பதாகையில் நாற்று நட்ட குடும்பத்தில் முதல் அரசு வேலை அப்பாவுடையது. வேலை போனால் வீடும் போகும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அப்பா என்னை உட்காரவைத்து வரிவரியாக அர்த்தம் கேட்டார். 'மே' என்று சொல்லிப் பார்த்து, "ஆடு கத்துற மாதிரி கீதே" என்றார். மறுநாள் காலை தானே அதைக் கொண்டுபோய்ப் பாதுகாப்பு அதிகாரியின் மேஜையில் வைத்தார்.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அழுதேன், கடிதத்துக்காக மட்டும். நான்காம் நாள் ஊதா முத்திரையோடு அது திரும்பி வந்தது.

"தேனீ பேருதான் சார், மூணுன்னாலும் அங்க ஒண்ணு மாதிரியேதான் சொல்வாங்கன்னு எடுத்துச் சொன்னேன். ஆபீசரே சிரிச்சிட்டாரு" என்றார் பெருமையாக.

அதன்பிறகு நான்கு வருடம், என் கடிதங்கள் எல்லாமே முதலில் ஆபீசுக்குப் போய், பிரித்த உறையோடுதான் என் கைக்கு வந்தன. எனக்கு மகா கோபம். என் கடிதத்தை ஊரெல்லாம் படிக்கக் கொடுக்கிறாரே என்று அப்பாவிடம் இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் அப்பா ஷிப்ட் முடிந்த களைப்போடு அந்த ஆபீசில் காத்து நின்று, 'இந்தக் கடிதத்துக்கு நானே பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் தெரியும். 'இனிமே எழுதாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கவலை அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதை மட்டும் அவர் என்னிடம் சொல்லவே இல்லை.