சாச்சி எடுக்கச் சொன்னது

உம்மாவின் தங்கையை நான் சாச்சி என்று கூப்பிடுவேன். பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் இருந்தாள். அவள் கணவர், என் சாச்சா, பினாங்கில் கடை வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், போவார். பிறகு ஒரு பிள்ளை பிறக்கும். ஐந்தாவது பிரசவத்தில் சாச்சி பிழைத்ததே பெரிது. இன்னொன்று கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அறுபதுகளின் நடுவில் லூப் வந்தது. கருப்பைக்குள் அதை வைத்துவிட்டால் பிள்ளை தங்காது என்று வீடு வீடாக வந்த நர்சம்மா சொன்னார். ஆண்களுக்குத் தெரிய வேண்டாமென்று, உம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, மற்றவர்களிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, ஒன்பது வயதான என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சாச்சி சிதம்பரத்துக்கு ரயிலேறினாள். முகாமில் நான் பெஞ்சில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றேன். திரும்பும்போது, "பல்லைப் புடுங்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"புடுங்கல, வச்சிருக்காங்க" என்று சிரித்தாள்.

ஐந்து வேளையும் விடாதவள், அதற்குப் பிறகு தொழவே இல்லை. ரத்தப்போக்கு நிற்கவில்லை என்பதும், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தொழவோ நோன்பு வைக்கவோ கூடாது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ரமலானில் நான் முதன்முதலாக நோன்பு வைத்தேன். சாச்சி வைக்கவில்லை. ஒரு பகலில் அடுப்படிக் கதவைத் தள்ளியபோது, கஞ்சிக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள். அதை நான் வீடு முழுக்கச் சொன்னேன். "மாசம் முழுக்கவா?" என்று கேட்ட அவள் மாமியார், அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் மறுபடி சிதம்பரம் போனோம். திரைக்கு அந்தப் பக்கம் நர்சம்மா பேசியது எனக்குக் கேட்டது.

"உள்ள சரியாத்தான் இருக்குது. புள்ள தங்கலல்ல? அதுக்குத்தானே வச்சது?"

"தொழுவ முடியலங்க. மூணு மாசமாச்சு."

"போவப் போவ கொறஞ்சிடும். உசுரு முக்கியமா, தொழுவுறது முக்கியமா? நீயே சொல்லு."

 "எடுத்துடுங்க" என்றாள் சாச்சி.

நர்சம்மா கெட்டவரில்லை. எடுத்துவிட்டு வாசல்வரை வந்து, "ஊட்டுக்காரரு வந்தா சாக்கிரதையா இரும்மா" என்றார்.

மறு வருடம் சாச்சா வந்தார். ஆறாவது பிரசவத்தில் சாச்சியும் போனாள், பிள்ளையும் போனது.

எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, கடலூரில் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். "பதினஞ்சு நாளத் தாண்டிட்டா அது மாதவிலக்கு இல்லம்மா, நோவு. கை, மொகம், காலு கழுவி ஒளு செஞ்சிட்டுத் தாராளமாத் தொழுவலாமே" என்றார். நர்சம்மாவுக்கு இது தெரியாது. மார்க்கம் படித்த ஆலிம்களோ ஆண்கள்; அவர்களிடம் லூப் என்ற சொல்லைச் சாச்சியால் சொல்லியிருக்க முடியாது.

லூப்பை எடுத்த மறுவாரம் சாச்சி குளித்துவிட்டு அந்தி நேரத்து மக்ரிப் தொழுகைக்கு நின்றாள். பாயில் வைத்த நெற்றியை அவள் எடுக்கவே நேரமாயிற்று. நான் ஓடிப்போய் உம்மாவிடம், "சாச்சி தொழுவுறாங்க, ஒடம்பு நல்லாயிடுச்சு" என்றேன். உம்மா மாவு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். காதில் விழவில்லையோ என்று நினைத்து, இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.