சர்வருக்குக் கட்டிய பரிவட்டம்

போன வருடம் ஆடி கழிந்து ஆவணி பிறந்த சமயம் நடந்தது இது. புதுக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருக்கிறது. கடைக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், டிராவல்ஸ்காரர்கள் என்று உள்ளூர் ஆட்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, அதையும் அவர்களுடைய மெயிலையும் ஒரே சர்வரில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். சர்வர் என்னுடையது இல்லை. சென்னைக் கம்பெனி ஒன்றில் வாடகைக்கு எடுத்தது.

ரிவர்ஸ் டிஎன்எஸ் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. பயந்துவிடாதீர்கள், ரொம்ப எளிது. ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்து "நான் இன்னார் வீட்டு ஆளு" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே நம்புவோம்? மெயிலும் அப்படித்தான். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு எண். அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு பதிவு. வெளிநாட்டில் மெயிலை வாங்குகிற சர்வர் அந்தப் பெயரைப் பார்த்து, அந்தப் பெயரிடமே போய் "இது உன் எண்தானா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் உள்ளே விடும். இல்லை என்றால் திருட்டு மெயில் என்று தள்ளிவிடும். ஒரு எண்ணுக்கு ஒரு பெயர்தான் வைப்பது வழக்கம். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நான் என் ஆபீஸ் பெயரை வைத்திருந்தேன்.

என் வாடிக்கையாளர்களில் ஒருவர் திருமயம் பக்கத்துப் பெரிய மனிதர். திருச்சி ரோட்டில் டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கிறார். அவர் ஊர்க் கோயில் திருவிழாவில் அவர்கள் குடும்பத்துக்குத்தான் முதல் பரிவட்டம். சர்வருக்கு ஒரே பெயர்தான் என்பதை அவருடைய மருமகன் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், அங்கேயும் முதல் மரியாதை தனக்கே வேண்டும் என்று கிளம்பிவிட்டார். "இது பொதுச் சொத்து மாதிரிங்க ஐயா, முடியாது" என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் சென்னைக் கம்பெனி மேனேஜருக்கு ஒரு போன் போட்டிருக்கிறார். மேனேஜர் இவருக்குப் பக்கத்து ஊர்க்காரர். சர்வரை எடுத்திருப்பவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைத் தூக்கிவிட்டு இவர் பெயரை வைத்துவிட்டார்கள்!

அப்போதைக்கு எதுவும் கெடவில்லை. அவர் வெப்சைட்டும் அதே சர்வரில் இருந்ததால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் விஷயம் தெரியவில்லை. பிறகு அந்த மருமகனே சொந்தமாக வெப்சைட் தொழில் தொடங்கி, மாமாவின் வெப்சைட்டை வேறு சர்வருக்குக் கொண்டுபோனான். இப்போது பாருங்கள் கூத்தை. எங்கள் எண்ணின் மேல் அவர் பெயர். அவர் பெயரிடம் கேட்டாலோ, அப்படி ஒரு எண்ணையே தெரியாது என்கிறது. என் சர்வரில் இருந்த மற்ற எல்லாருடைய மெயிலும் வெளிநாட்டு வாசலில் குப்பைக்குப் போக ஆரம்பித்தது.

இதில் மாட்டிக்கொண்டவள் திருவரங்குளம் பக்கத்துப் பெண் ஒருத்தி. நர்ஸ். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வளைகுடாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தேர்வாகியிருந்தாள். சான்றிதழ்கள் எல்லாம் வியாழக்கிழமைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அனுப்புகிறவர் கடற்கரைப் பக்கம் டிராவல்ஸ் நடத்தும் ஒரு பாய், என் பழைய வாடிக்கையாளர். அங்கே பதிவு செய்த அவருடைய ஆபீஸ் மெயிலிலிருந்து வந்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். பாய் அனுப்பினார், வரவில்லை என்றார்கள். மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் வரவில்லை.

"தங்கச்சி, என்னமோ ஏதோன்னு இருக்கு. புள்ள அழுதுக்கிட்டு நிக்கிது, கொஞ்சம் பாருங்க" என்று பாய் போன் செய்த பிறகுதான் நான் தோண்டிப் பார்த்தேன். என் சர்வரின் நெற்றியில் டைல்ஸ் கடைப் பெயர்!

உடனே சென்னைக்குப் போன் போட்டேன்.

"மேடம், அந்த ரெக்கார்டுல வேற ஒருத்தர் பேரு இருக்கு. அவங்க சம்மதம் இல்லாம நாங்க தொட முடியாது."

"அந்தப் பேர வைக்கும்போது என் சம்மதத்த யாரு கேட்டீங்க?"

"அது மேனேஜர் சொன்னது மேடம். இப்ப புரொசீஜர் இருக்கு."

லெட்டர்பேடு கேட்டார்கள், அடையாள அட்டை கேட்டார்கள், அனுப்பினேன். சீல் தெளிவாக இல்லை என்றார்கள். தெளிவாக அனுப்பினேன். சம்மதக் கடிதம் எங்கே என்றார்கள். ஒருவருக்கு ஒரு போனில் நடந்த வேலைக்கு என்னை இப்படிப் பந்தாடினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, பாயின் மெயிலை மட்டும் வேறொரு புது எண்ணுக்கு மாற்றிப் பார்த்தேன். நேற்று முளைத்த எண்ணை யார் நம்புவார்கள்? அதுவும் குப்பைக்கே போனது.

புதன்கிழமை காலை அந்தப் பெண்ணே என் ஆபீஸுக்கு வந்துவிட்டாள். டூட்டி முடித்து நேராக வந்திருந்தாள், சாப்பிட்டிருக்கவில்லை. "அக்கா, அவருகிட்ட நானே வந்து கேக்குறேன்" என்றாள். இருவரும் என் ஸ்கூட்டியில் ஷோரூமுக்குப் போனோம்.

ஏசி அறைக்கு வெளியே வெகு நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் நான் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். அவர் சிரித்தார்.

"ஏம்மா, திருவிழாவுல நாங்க ஊர்ல இருந்தாலும் இல்லாட்டியும் எங்க பேரச் சொல்லித்தான் மொதல்ல கூப்புடுவாக. வச்ச பேர எடுங்கன்னு வந்து நிக்கிறீகளே, நல்லாவா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஐயா, ஒங்க பேரோட போனதாலதான் எம் பேப்பர அங்கிட்டு திருட்டு மெயிலுன்னு தள்ளிட்டாங்க. எனக்கு நாளையோட வேல போயிரும். ஒங்க பேருக்கும் அங்க அந்த மரியாததான் கெடைக்குது."

அவர் முகம் மாறியது. "திருட்டு மெயிலா? எம் பேருலயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவளுக்கு வேலை போகும் என்றது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. போனை எடுத்து அந்தச் சென்னை மேனேஜரைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த எடத்துல நம்ம பேரு வேணாம். இந்தம்மா சொல்ற பேரப் போட்டு விடுங்க" என்றார். எங்களுக்கு வாங்கி வரச் சொன்ன டீ வருவதற்குள் என் செல்லுக்குத் தகவல் வந்துவிட்டது, மாற்றியாயிற்று என்று. லெட்டர்பேடு இல்லை, சீல் இல்லை, ஒரு புரொசீஜரும் இல்லை.

அப்போதுதான் அவள் எழுந்து இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள். அவரும் பெரிய மனதோடு தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

மாற்றிய பதிவு எல்லா இடத்துக்கும் பரவ நேரம் பிடிக்கும். வியாழக்கிழமை பாய் அனுப்பிய மெயில் போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது. முதல் இரண்டு முறை எதுவும் வராததால், கெடு முடியக்கூடக் காத்திருக்காமல் முன்தினமே வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். பாய் எனக்குப் போன் செய்து, "விடுங்க தங்கச்சி, அடுத்த செலக்‌ஷன் வராமலா போகும்" என்றார். அவர் குரலே சரியாக இல்லை. அவள் இன்னும் அதே ஆஸ்பத்திரியில் அதே வேலையில்தான் இருக்கிறாள்.

இது போதாது என்று, அடுத்த மாதம் ஒரு காதுகுத்தில் பக்கத்துப் பந்தியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், டைல்ஸ் கடைக்காரர் ஒரே போனில் ஒரு ஏழைப் பெண்ணுக்கு வெளிநாட்டுக் காரியத்தை முடித்துக் கொடுத்தாராம், என்னே செல்வாக்கு என்று. இலையில் வைத்தது வைத்தபடி எழுந்துவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. இன்றைக்கும் யாராவது ஒரு பெரிய மனிதர் முன்னால் கைகூப்பி நிற்பதைப் பார்த்தால், அவர் கொடுத்ததற்காக நிற்கிறார்களா, பறித்ததைத் திருப்பிக் கொடுத்ததற்காக நிற்கிறார்களா என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது.