வட்டிக்கு வரி கட்டிய மாமா

என் தாய்மாமா திருடினார். வெளியாரிடம் அல்ல, சொந்த அக்காவிடம்.

எழுபதுகளின் கடைசி. டத்தோ கிராமாட்டில் வாடகை வீடு. அப்பா இல்லை. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வடை விற்றார். என் மேல்படிப்புக்காக என் பெயரில் சேமிப்புப் புத்தகம் திறந்து மாதாமாதம் பணம் போட்டார். வருடக் கடைசியில் வட்டி ஏறும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமா ஆபீஸ் கிராணி, எழுத்து வேலை. அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டில் சட்டம்.

"வட்டிக்கு வரி உண்டுக்கா. கட்டலன்னா புத்தகம் யார் பேர்ல இருக்கோ அவங்களத்தான் வரிக்காரன் பிடிச்சிட்டுப் போவான். காச எடுத்துக் குடு, நான் ஆபீஸ்ல கட்டிடுறேன்."

ஒவ்வொரு ஜனவரியும் அம்மா எடுத்துக் கொடுத்தார். வட்டி இருபது வெள்ளி, வரி ஐம்பது வெள்ளி. அது எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை.

எனக்கு எட்டு வயது. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். தபால்காரர் பெயர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். வகுப்பில் ஆசிரியர் என் பெயரைக் கூப்பிட்டால் கேட்காததுபோல் குனிந்துகொள்வேன். ஒருநாள் அந்தப் புத்தகத்தை எடுத்து, என் பெயரின் மேல் கறுப்பு மையைப் பூசினேன். பெயர் இல்லையென்றால் யாரைப் பிடிப்பான்?

அடுத்த ஜனவரி பணம் எடுக்கப் போனபோது, வங்கி முகப்பில் இருந்த தமிழ்ப் பெண் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, உன் பேர அழிச்ச?"

அழுதுகொண்டே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"இந்தப் புத்தகத்து வட்டிக்கு வரியே கிடையாதுலா. அஞ்சு வெள்ளி போட்டாலும் சரி, அஞ்சாயிரம் போட்டாலும் சரி. யாரு உங்ககிட்ட சொன்னா?"

அம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பணம் எடுக்கவில்லை. என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இனி யாரும் வர மாட்டார்கள். பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தேன். அம்மா ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார் என்று எனக்குப் புரியவில்லை. நான் பயப்பட வேண்டிய ஆள் வாராவாரம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார் என்பதும் புரியவில்லை. சாகும்வரை அம்மா தம்பியிடம் அதைக் கேட்கவேயில்லை.

நான் கேட்கிறேன். மாமா, வருடாவருடம் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் மோர்ப் பந்தல் போட்டு, மைக்கில் தருமம் பேசுகிறீர்கள். அடுத்த தைப்பூசத்துக்கு நானும் வருவேன். அதே மைக்கில், எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: அந்த வரியை எந்த ஆபீசில் கட்டினீர்கள்?