மகளுக்கு ஓர் உதை

நான் கராத்தே கற்றுக்கொள்ளப் போகவில்லை. மகளைச் சேர்த்துவிடப் போனேன். வங்காளிகள் நிறைந்த டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, பேட்டைக்காரர்கள் நடத்தும் ஒரு கிளப் இருக்கிறது. கேரம் போர்டும், பூஜைப் பந்தலில் இருந்து அவிழ்த்துப் போட்ட மூங்கிலும், கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறியும் உள்ள அந்தக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கராத்தே வகுப்பு. பதினோரு வயது மகள் உள்ளே இருந்து வந்த கத்தலைக் கேட்டதும் வாசலிலேயே நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீயும் சேர்ந்தால்தான் சேருவேன் என்றாள். அதைக் கேட்ட ஆசிரியை, பெரியவர்களும் தாராளமாகச் சேரலாம், புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வரிசைதான் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் இவளுக்கே அலுத்துவிடும் என்று கணக்குப் போட்டுத் தலையாட்டினேன். கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. வீட்டு விஷயத்தில் நான் போட்ட கணக்கு எதுவும் இதுவரை சரியாக வந்ததில்லை.

வெள்ளை உடுப்பும் வெள்ளை பெல்ட்டும் வந்தன. பெல்ட்டைத் தொப்பைக்கு மேலே கட்டினால் மூச்சு முட்டியது; கீழே கட்டினால் கால்சட்டையும் கூடவே இறங்கியது. கண்ணாடி முன் நின்ற என்னைப் பார்த்து, மாவு மூட்டைக்குக் கயிறு கட்டின மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, நல்ல மாவுதான் என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆசிரியைக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஆனால் எல்லோரும் அவரைத் தீதி என்றுதான் கூப்பிட வேண்டும், அதாவது அக்கா. தலை பாதி நரைத்த பிறகு எனக்கு ஓர் அக்கா கிடைத்தார். அக்கா சொன்னால் உட்கார வேண்டும், எழ வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். மூன்றாவது முறை எழும்போது என் முழங்கால் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. குத்தும்போது அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னார். எனக்குத் தும்மல் மாதிரி ஒன்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற, முன்பல் விழுந்த சிறுமி, உடம்பு சரியில்லையா அங்கிள் என்று அக்கறையாக விசாரித்தாள்.

இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது உதைப்பது. யார் மீதும் கால் படக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். தவறிப் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மனிதர்கள், புத்தகம், செய்தித்தாள், அலுவலகக் கோப்பு, எதுவானாலும் சரி. ஒருமுறை காளிகாட் மெட்ரோ நெரிசலில் என் செருப்பு யாருடைய பையிலோ பட்டுவிட்டது. நான் குனிந்து பையைத் தொடப் போனேன். அவர் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. வங்காளிகளும் கால் பட்டால் தொட்டு நெஞ்சில் வைப்பார்கள். ஆனால் அவர்கள் அந்தப் பழக்கத்தைச் செருப்போடு கிளப் வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள். நான் உள்ளே கொண்டுவந்தேன்.

ஜோடிப் பயிற்சியில் ஒருவர் வயிற்றைப் பார்த்து உதைக்க வேண்டும். மற்றவர் ஓரடி பின்வாங்கி, முன்கையால் காலைத் தட்டிவிட்டு, திருப்பிக் குத்த வேண்டும். ஒரே வீட்டுக்காரர்கள் என்று தீதி எங்கள் இரண்டு பேரையும் ஜோடியாக்கினார். என் கால் பாதி தூரம் போய், அந்தரத்தில் நின்று, யோசிக்கும். அதற்குள் என் வலது கை மகளின் தோளைத் தொட்டு என் கண்ணுக்கு வந்துவிடும். தீதி சிரித்தார், பிறகு அதட்டினார், பிறகு விட்டுவிட்டார்.

அலுத்துப்போவாள் என்று நான் நினைத்த மகள் அதற்குள் வேறு ஆளாகியிருந்தாள். பல் தேய்க்கும்போதும் ஒரு கையால் காற்றைத் தடுத்துக்கொண்டிருப்பாள். பள்ளி வேனில் இவளைத் தள்ளிவிட்டு ஜன்னலோர இடத்தைப் பிடிக்கிற பெரிய பெண்ணிடம், ஒருநாள் நகர மாட்டேன் என்று சொன்னாளாம், அவள் நகர்ந்துபோனாளாம். மஞ்சள் பெல்ட் பரீட்சைக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பரீட்சையும் வந்தது. அவள் குத்தியதும் கத்தியதும் ஒரு குறையும் இல்லை. ஜோடிப் பயிற்சியில் என் கால் வழக்கம்போல நடுவழியில் நின்றது. தடுக்க ஏதாவது வந்தால்தானே தடுப்பாள்? பரீட்சை நடத்த வெளியிலிருந்து வந்திருந்த பெரியவர் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அதேதான், கண்ணில் ஒற்றிக்கொண்டது உட்பட. இரண்டு பேரும் அடுத்த தடவை வாருங்கள் என்றார். வீடு வரும்வரை மகள் என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள். அழுதிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன்.

அடுத்த வாரம் தீதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உங்கள் பெண் வேறு ஜோடி கேட்கிறாள், என்ன சொல்லட்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. யாருக்காக நான் இந்த மூட்டையைக் கட்டிக்கொண்டு குழந்தைகளோடு குழந்தையாக நிற்கிறேன்? வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். பாசம் இல்லாமலா உன்னை உதைக்க மாட்டேன் என்கிறேன், அப்பாவின் கால் பெண் குழந்தை மேல் படலாமா என்று நீளமாக ஒரு பிரசங்கமும் செய்தேன்.

கோபம் வந்தால் அவள் வங்காள மொழிக்குத் தாவிவிடுவாள். அன்றைக்குத் தமிழிலேயே சொன்னாள்.

"படும்னு நீயே முடிவு பண்ணிட்ட. நான் தடுத்துட்டா எப்படிப்பா படும்? தடுக்க மாட்டேன்னு நெனச்சுதான் முன்னாடியே கண்ணுல ஒத்திக்கிற. இந்தத் தடவையும் இப்படியே பண்ணினா நான் நிறுத்திடுவேன்."

இவ்வளவு நாளும் மரியாதை, பாசம் என்று நான் பெருமையாகச் சுமந்து திரிந்தது, இவளால் முடியாது என்கிற நினைப்புதான். வெட்கமாக இருந்தது. இந்த ஒரு தடவை மட்டும் நானே ஜோடியாக நிற்கிறேன் என்று கெஞ்சினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். தீதியிடம் வேறு ஜோடி கேட்பதை நிறுத்தியதுதான் அவள் சொன்ன பதில்.

வீட்டில் திண்டைச் சுவரோரம் நிறுத்தி உதைத்துப் பழகினேன். முதல் உதையில் திண்டு சாய்ந்தது. நான் ஓடிப்போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கதவருகே நின்ற மனைவி வந்து திண்டைத் தூக்கி நேராக நிறுத்திவிட்டுப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

இரண்டாம் பரீட்சை காளிகாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதே பெரியவர், என்னை அடையாளம் கண்டுகொண்டது அவர் புருவத்தில் தெரிந்தது. எதிரே மகள், உடுப்பின் கை நீளத்தை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். மணிக்கட்டு எவ்வளவு மெல்லியது என்று அப்போதுதான் கண்ணில் பட வேண்டுமா? தடுக்காவிட்டால் என்ன ஆகும்? அவள் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு உதைத்தேன்.

என் வாழ்க்கையில் ஓர் ஆளைப் பார்த்து நான் உதைத்த ஒரே உதை அதுதான். போன கால் போய்ச் சேரவில்லை. கணுக்காலுக்கு மேலே, எலும்பில், சப்பாத்திக் கட்டையால் அடித்த மாதிரி ஓர் அடி. உயிர் போய்விட்டது. ஒற்றைக் காலில் சுழன்று, பெல்ட் அவிழ, பொத்தென்று தரையில் உட்கார்ந்தேன். குத்துவதற்கு நீட்டிய அவள் கை, நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில், என் தலைக்கு மேலே நின்றது. அப்போதுதான் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கூடவே நானும் கத்தியிருக்கிறேன். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் தீதி எதிர்பார்த்த கத்தல் அன்றுதான் வந்தது.

மகளுக்கு மஞ்சள் பெல்ட் கொடுத்தார்கள். உதைத்துவிட்டு உட்காருவது பாடத்தில் இல்லை என்பதால் எனக்குக் கொடுக்கவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மடியில் பெல்ட்டை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நெஜமாவே உதைச்சியா?"

கால்சட்டையைத் தூக்கிக் காட்டினேன். எலும்பின் மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, நீலம் பாய ஆரம்பித்திருந்தது. மஞ்சள் பெல்ட்டை வாங்கியபோதுகூட அவள் முகம் அப்படி மலரவில்லை. உடனே என் போனைப் பிடுங்கிப் பள்ளித் தோழியைக் கூப்பிட்டாள். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, சுத்தமான வங்காள மொழியில், இன்றைக்கு அப்பா என்னைப் பலமாக உதைத்தார், நிஜமாகவே உதைத்தார் என்று குதூகலமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். டிரைவர் கண்ணாடியைத் திருப்பி என் முகத்துக்கு நேராக வைத்தார். வேறு நாளாக இருந்தால் அந்த ஆட்டோவில் இருந்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அன்றைக்கு வீங்கின காலைத் தடவிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.